முக்கால் டன்

கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
பாப்பாக்குடி தாண்டி முக்கூடல் வரைக்கும்
பைக் சீட்டில் உட்காராமல்
நின்றுகொண்டே ஓட்டினேன் என்றால்
பொய்தான். பெரிய பொய் இல்லை.

"குளிரவே மாட்டேங்கு அண்ணாச்சி,
சவம் சும்மா உறுமுது"
என்று போனில் சொன்னவள் சண்முகவடிவு.

பத்துக்குப் பத்து அறை.
கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்திருந்தார்கள்.
மூன்று பெண்கள், மடியில் சுளவு,
சுளவில் தூள்.
வெளியே ஒரு கத்திரி எரித்துக்கொண்டிருக்க
உள்ளே மூன்று கத்திரி
நறுக் நறுக்கென்று இலை வெட்டின.

பீடி சுற்றும் வீட்டுக்கு ஏசி ஒரு கேடா என்று
தெருவே சிரித்ததாம்.
ஃபேனைப் போட்டால் தூள் பறக்கும்,
போடாவிட்டால் ஆள் அவியும்.
இருபத்து மூன்று வருசம் அவிந்துவிட்டுத்தான்
தவணையில் வாங்கினாள்.
மாதம் ஏழாயிரம் பீடி என்றாள்.
ரூபாயில் சொல்லவில்லை.

ஸ்டூலில் ஏறி முகப்பைத் திறந்தேன்.
வலை இருந்த இடத்தில்
கம்பளி இருந்தது.
வழித்தேன், தும்மினேன்,
மறுபடி தும்மினேன்.

பெருமாள்புரத்தில் நாய் முடி வரும்.
பேட்டையில் ஒரு வீட்டில் அரிசி மாவு.
வள்ளியூர் லாட்ஜில் வந்ததைச் சொல்லக் கூடாது.
எல்லாரும் பீரோவைத்தான் பூட்டுகிறார்கள்.

குழாயடியில் காட்டினேன்.
முதலில் கடுங்காப்பி,
அப்புறம் பால் விட்ட டீ,
ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர்.
"பதினஞ்சு நாளைக்கு ஒருக்க கழுவணும்.
மாசத்துக்கு ஒருக்கன்னு புக்குல போட்டிருக்கது
பீடி சுத்தாதவுகளுக்கு" என்றேன்.

அப்போது பூரணத்தாய் இருமினாள்.
நீளமான இருமல்.
சுளவு ஆடாமல் பிடித்துக்கொண்டு இருமினாள்.
இரண்டு கொக்கியை அமுக்கிக்
கழற்றி எடுத்துக் கழுவ
அங்கே ஒன்றும் இல்லை.
நான் வலையை இன்னொரு தடவை தேய்த்தேன்.

கொல்லையில் வெளிப்பெட்டிக்குள்
கருகின பல்லி ஒன்று.
தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், தொடையில் விழுந்தால்
பஞ்சாங்கத்தில் பலன் உண்டு.
கெப்பாசிட்டரில் விழுந்தால் என்ன என்று
நான்தான் சொல்லவேண்டியிருந்தது.
"ஐநூறு ரூவா."

பிறகு தண்ணீர்க் குழாயைத் தேடினேன்.
போன வருசம் சுவரைத் துளைத்து
வெளியே விட்டவன் நான்.
இப்போது அது அறை மூலைக்கே திரும்பி
ஒரு பெயின்ட் வாளிக்குள்
சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு பார்த்த வேல இது?"
"நான்தான்.
ஏசி போட்டா இலை காஞ்சு நொறுங்குது,
கடையில கழிச்சுப் போட்டுருதான்.
அந்தத் தண்ணியத் தெளிச்சு
சாக்குல சுத்தி வச்சிருவேன்.
அது ஈரத்தக் களவாங்குது,
நான் திருப்பிக் களவாங்குதேன்."

கம்பெனி பயிற்சியில் இது கிடையாது.
குழாய் வெளியே போகணும் என்பதுதான் விதி.
வாய் வரை வந்தது.
குழாயின் சரிவை அரை இஞ்சு கூட்டி,
ஆடாமல் ஒரு கிளிப் அடித்துக் கொடுத்தேன்.

போட்டுப் பார்த்தோம்.
உறுமல் தணிந்தது. மூன்று கத்திரியும்
ஒரு நொடி நின்று, தொடர்ந்தன.
"இருவத்தாறுல வைங்க, போதும்."
"இருவத்தெட்டுலதான் வைக்கேன்.
கரண்டு பில்ல நீரா கட்டுவீரு?"

ஐநூற்று ஐம்பது கேட்டேன்.
ஐநூறு தந்தாள்.
நோட்டிலும் அதே வாசம்.

பாப்பாக்குடியில் அடுத்த வீட்டுக்காரர்
கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார்.
"பீடியக் குடிச்சிட்டா வேலைக்கு வருவீரு?"

ஸ்டூல் இருக்கா என்று கேட்டேன்.